மெட்ரோ நெளியாத கண்ணாடி

கவிழ்த்து வைத்த பெயின்ட் வாளியில் உட்கார்ந்துகொண்டு தங்கம் தலையை மேலும் கீழும் ஆட்டுகிறார். பிறகு இடமும் வலமும். பிறகு மறுபடியும் மேலும் கீழும். எதிரே மர ஸ்டாண்டில், காரில் எந்தச் சாய்வில் நிற்குமோ அதே சாய்வில், ஒரு புது முன் கண்ணாடி. காருக்குச் சொந்தக்காரரான பஞ்சாபிக்காரர் பயந்துபோய், இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கலியனைப் பார்க்கிறார். கலியன் "ம்" என்கிறார். கலியன் தங்கத்தின் கணவர். ஒரு நாளில் அவர் பேசுவதில் முக்கால்வாசி இந்த "ம்"தான்.

தங்கம் பார்ப்பது கண்ணாடியை அல்ல, அதன் வழியாகத் தெரியும் மெட்ரோ பாலத்தை. டில்லி ஜனக்புரியில் ரயில் தலைக்கு மேலே ஓடுகிறது. நல்ல கண்ணாடி வழியாகப் பார்த்துத் தலையாட்டினால் பாலத்தின் விளிம்பு அசையாமல் நிற்கும். மட்டமான கண்ணாடியென்றால் புழு மாதிரி நெளியும்.

"மெட்ரோ நெளிஞ்சா அந்தக் கிளாஸ் வாபஸ். அவ்ளோதான் சார். ஓட்டறவங்களுக்குத் தலைவலி வரும், ஏன் வருதுன்னே தெரியாது."

எதிரே நல்ல மதில் சுவர் ஒன்று இருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா என்று ஒருநாள் கேட்டேன். நான் கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை.

"அந்தச் செவுரு கட்டினவன் யாருன்னு எனக்கு இன்னா தெரியும்? இந்தப் பாலத்துக்கு ஜல்லி சொமந்தவ நானு. இது நேரா நிக்குதுன்னு பக்காவா தெரியும்."

கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து இருபது வருடங்களுக்கு முன்னால் இருவரும் சித்தாள் வேலைக்கு டில்லி வந்தவர்கள். பாலம் முடிந்ததும் கலியன் ஒரு கார் கண்ணாடிக் கடையில் சேர்ந்தார். பிறகு தனியாகத் தொழில் தொடங்கினார். முன் கண்ணாடியை ஒருவர் தூக்க முடியாது. ரப்பர் கிண்ணம் வைத்த கைப்பிடிகளைக் கண்ணாடியில் ஒட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, ஒரே மூச்சில் இறக்க வேண்டும். வலப்பக்கம் கலியன். இடப்பக்கத்துக்கு வருவதாகச் சொன்ன ஆள் ஒருநாள் வரவில்லை. அன்றைக்கு மட்டும் பிடிக்கிறேன் என்று வந்த தங்கம் பிறகு அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது எந்தக் கண்ணாடி, எந்தப் பசை, எந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவது என்று முடிவெடுப்பதெல்லாம் இடப்பக்கம்தான்.

வேலைக்கு முன்னால் வளையல்களைக் கழற்றி வேப்பமரத்து ஆணியில் மாட்டுவார். கண்ணாடிகளை "இவன்" என்பார். "ஜல்தி" என்ற சொல் காதில் விழுந்தால் செய்துகொண்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டு வாளியில் உட்கார்ந்துவிடுவார். அவசரப்பட்டவர் மன்னிப்பு கேட்கிற தோரணையில் டீ வாங்கிக்கொண்டு வந்தால்தான் எழுந்திருப்பார்.

போன ஏப்ரலில் குருகிராம் சாலையில் ஒரு லாரி என் காரின் மேல் கல்லைத் தெறிக்கவிட்டது. கொசு அளவு விரிசல். வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத கார். உள்ளே பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா இருக்கிறது. முன்னால் போகும் வண்டியை நாம் கவனிக்காவிட்டால் அது கவனித்து பிரேக் போடும். கம்பெனி முத்திரை போட்ட கண்ணாடியா, வெளியில் கிடைக்கும் கண்ணாடியா? நான் வங்கியில் வேலை பார்ப்பவன். காகிதத்தை இரண்டாக மடித்து இந்தப் பக்கம் நன்மை, அந்தப் பக்கம் தீமை என்று எழுதினேன். பதினோரு பேரைக் கேட்டேன். பதினோரு விதமாகச் சொன்னார்கள். ஷோரூமில் இருந்தவரைக் கேட்டேன். கம்பெனி கண்ணாடி வர மூன்று வாரம் ஆகும் என்றவர், வெளிக் கண்ணாடி என்றதும் துக்க வீட்டுக்கு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். இப்படி ஒன்பது நாள் யோசித்ததில் விரிசல் வைப்பர் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது.

"முதல்ல கண்ணாடிய மாத்துங்க, இல்ல ஆள மாத்திடலாம்" என்றாள் என் மனைவி உமாமகேஸ்வரி. துவாரகாவில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கு அந்தக் காரை ஓட்டிப் போகிறவள் அவள்தான்.

பழைய காருக்குக் கண்ணாடி மாட்டிய பழக்கத்தில் கடைசியில் தங்கத்திடம் போனேன். அவர் என் காகிதத்தை வாங்கிப் பார்க்கவே இல்லை. மூன்று கேள்வி கேட்டார். யார் ஓட்டுகிறார்கள்? வெயில் முகத்தில் அடிப்பது போகும்போதா, வரும்போதா? கண்ணாடிக்குப் பின்னால் கண் இருக்கிறதா? கேமராவைத்தான் அவர் கண் என்கிறார்.

முதலில் எடுத்த கண்ணாடியில் மெட்ரோ நெளிந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டார். இரண்டாவதில் நெளியவில்லை. அதன் மூலையில் இருந்த சின்ன முத்திரையையும் என் பழைய கண்ணாடியின் மூலையையும் காட்டினார். இரண்டையும் செய்த தொழிற்சாலை ஒன்றே. பழையதில் கார் கம்பெனியின் சின்னமும் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஒரே கல்லுல சுட்ட தோசை சார். ஒண்ணு ஓட்டல் தட்டு, ஒண்ணு வூட்டுத் தட்டு. எல்லா வெளி கிளாஸும் இப்படின்னு நான் சொல்ல மாட்டேன், நெறைய குப்பை வருது. இவன் நல்லவன். கண்ணு உக்கார்ற எடம் மில்லி மாறாம இருக்குது. கண்ணு பாக்கலன்னா என் செலவுல கம்பெனி கிளாஸ் மாட்டித் தரேன்."

இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றவர் இராஜமாணிக்கம். அலுவலகங்களுக்குக் கார் அனுப்புகிற திருச்சிக்காரர். அவருடைய பதினாலு வண்டிகளிலும் இப்போது கேமரா வந்துவிட்டது. அந்தக் கண்ணாடி வேலை முழுவதையும் தங்கத்துக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். "சார் வண்டி ஒரு வாரம் ஓடட்டும் தங்கம். அப்புறம் பேசுவோம்" என்றார்.

அந்த ஒரு வாரம் தங்கத்துக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் தொழில் செய்வது வேப்ப மரத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே கட்டிய நீலத் தார்ப்பாயின் கீழே. மழை வந்தால் வேலை நின்றுவிடும். புழுதிக் காற்று அடித்தால் பசை பிடிக்காது. பின்னாலேயே ஷட்டர் போட்ட ஒரு கடை காலியாக இருந்தது. மாதக் கடைசி வரை வேறு யாருக்கும் தர மாட்டேன் என்று கடையின் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். இராஜமாணிக்கத்தின் வண்டிகள் வந்தால் கடை; வராவிட்டால் இன்னொரு வருடம் தார்ப்பாய்.

கண்ணாடியை மாட்டிய பிறகு நான்கு மணி நேரம் காரைத் தொடவிடவில்லை. கதவைக்கூட அறைந்து சாத்தக்கூடாது. அப்புறம் மாயாபுரியில் ஒரு பணிமனைக்கு அனுப்பி கேமராவுக்குப் புதுக் கண்ணாடியைப் பழக்கிக்கொண்டு வரச் சொன்னார். கேமரா ஒழுங்காகப் பார்த்தது. இரண்டு நாள் எந்தக் குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, பிரசாதத்தோடு வீடு திரும்பினோம். புதுக் கண்ணாடியாயிற்றே என்று விபூதியைத் தண்ணீரில் குழைத்து மூன்று பட்டை தீட்டி, நடுவில் சந்தனப் பொட்டும் வைத்தேன். ஓட்டுபவர் கண்ணை மறைக்காத இடமாகத் தேர்ந்தெடுத்துத்தான் வைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

திங்கட்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பிய உமா தெருமுனையிலிருந்தே திரும்பி வந்தாள். கேமரா வேலை செய்யவில்லை என்று காரில் எழுத்து எரிகிறது. அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு நேரே வேப்ப மரத்தடிக்குப் போனேன்.

எனக்கு முன்கோபம் உண்டு. அன்றைக்கு நான் பேசியதை இங்கே முழுவதும் எழுத வெட்கமாக இருக்கிறது. "வெளிக் கண்ணாடி வெளிக் கண்ணாடிதான், உன்னை நம்பினேன் பார்" என்பது அதில் மரியாதையான பகுதி. இராஜமாணிக்கம் டீ குடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

தங்கம் பின்னால் இருந்த ஷட்டரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு கலியனிடம், "இந்தாங்க, கம்பெனி கிளாஸுக்குச் சொல்லிடுங்க. நான் குடுத்த வாக்கு" என்றார். கலியன் "ம்" என்றார். அப்போதும் நான் கோபத்தை விடவில்லை.

தங்கம் வண்டி கிட்டே வந்தார். பட்டையைப் பார்த்ததும் பழக்கத்தில் விரலால் லேசாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு உள்ளே உட்கார்ந்து தலையை ஆட்டினார்.

"மெட்ரோ நேரா நிக்குது சார். இவன் மேல தப்பு இல்ல."

"அப்ப என் மேலயா?" என்று கேட்டேன்.

அவர் இருக்கையில் மண்டியிட்டு எழுந்து, கூரையோடு கன்னத்தை வைத்து, கேமரா எங்கிருந்து பார்க்குமோ அங்கிருந்து தானும் ஒற்றைக் கண்ணால் வெளியே பார்த்தார்.

"சார், மெட்ரோ தெரியல. ஒரே வெள்ளையா இருக்குது. இந்தப் பட்டை யாரு போட்டது?"

நான் வேப்ப மரத்தைப் பார்த்தேன். மரம் உதவவில்லை. பட்டை கண்ணெதிரே இருந்தது, நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தமிழர் வண்டியில் விபூதி இருப்பதை யார்தான் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்கிறோம்?

கலியன் வாயைத் திறந்தார். மூன்று வருடப் பழக்கத்தில் அவர் பேசி நான் கேட்ட மிக நீளமான வாக்கியம் இதுதான்: "முருகனே குறுக்க வந்து உக்காந்துகினா, அது வேற எத்தப் பாக்கும் சார்?"

முதலில் சிரித்தவர் இராஜமாணிக்கம். அடுத்து தங்கம். அவர் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. "மன்னிச்சுடும்மா" என்றேன். "அச்சா சார், வுடுங்க. சாமிக்குத்தான போட்டீங்க" என்றார். அழுக்குத் துணியால் விபூதியைத் துடைக்க மாட்டேன் என்று சொல்லி, கை கழுவிவிட்டு வந்து, புதுத் துணி ஒன்றை நனைத்து மெதுவாக எடுத்தார். இன்ஜினைப் போட்டேன். எழுத்து எரியவில்லை. இராஜமாணிக்கம் அதை எட்டிப் பார்த்துவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார். "நாளைக்கு ரெண்டு வண்டி அனுப்பறேன் தங்கம்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது கடைக்கு ஷட்டர் இருக்கிறது. உள்ளே புழுதி வராது. வாசல் பக்கம் பார்த்து வாளியைப் போட்டால் பாலம் தெரியும். பாலம் தெரியாத கடையென்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கியிருக்க மாட்டேன் என்கிறார் தங்கம். செய்த குற்றத்துக்குப் பரிகாரமாகத் திறப்பு நாளன்று கோயில் விபூதிப் பொட்டலத்தோடு போனேன். இராஜமாணிக்கத்தின் கார் ஒன்று புதுக் கண்ணாடியோடு வெளியே நின்றது. "நீங்களே போடுங்க சார்" என்றார்கள். குழைத்த விபூதியை மூன்று விரலில் எடுத்துக்கொண்டு போனேன். பழக்க தோஷம், கை தானாகக் கண்ணாடியின் உச்சிக்குப் போயிற்று.

தங்கம் என் மணிக்கட்டைப் பிடித்தார். கண்ணாடியின் இடப்பக்கக் கைப்பிடியைப் பிடிக்கிற அதே பிடி; இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. அப்படியே கீழே இறக்கி, என் மூன்று விரலையும் பானெட்டின் மேல் வைத்துவிட்டுக் கையை விட்டார்.