வலப்பக்க இருக்கை

கல்யாணமாகி நாற்பது வருஷமாக ஈரிதே அந்தச் சிவப்பு ஆல்ஃபா ரோமியோ காரின் வலப்பக்க இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்; இத்தாலியில் ஓட்டுபவர் இருக்கை இடப்பக்கம். பார்மாவுக்குத் தெற்கே மலைப்பாதையில் பழைய கார்ப் போட்டி நடக்கும்போதெல்லாம் வரைபடம் பார்ப்பது அவள், நேரம் சொல்வது அவள், மழையில் இறங்கித் தள்ளுவதும் அவள். கோப்பை மட்டும் புருஷன் லெயார்கோவுக்கு! ஓட்டக் கேட்டால், "அது என்ன உன் குட்டி ஃபியட் பாண்டாவா, காய் வாங்கப் போறதுக்கு? அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பான். அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை.

இந்த வசந்தத்தில் லெயார்கோவுக்குக் கண் மங்கி, ஓட்டுநர் உரிமம் போயிற்று. இனியாவது தன் கைக்கு வரும் என்று நினைத்தாள், பாவம். மனுஷன் காரை விற்க ஆள் தேடினான். பெண்டாட்டி ஓட்டிப் பார்ப்பதைவிட விற்றுத் தொலைப்பது மேல் என்ற வீம்பு!

வாங்க வந்தவர்கள் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத் தம்பதி; தங்கள் போர்ஷே 356-இலேயே வந்தார்கள். மலையடிவாரக் கடையில் பழைய கார்ச் சங்கத்து ஆட்கள் லாம்ப்ருஸ்கோ ஒயினோடு கூடிவிட்டார்கள். இரண்டில் எது மேல் என்று மலையேற்றிப் பார்த்தால்தானே தெரியும்? ஜெர்மன்காரர் போர்ஷேயில் ஏறினார். ஆல்ஃபாவின் சாவியை லெயார்கோ அவர் மனைவி உர்சுலாவிடம் நீட்டி, "சும்மா மிதிங்கம்மா, சொன்ன பேச்சு கேக்கும்" என்று பல்லிளித்தான். ஈரிதே நாற்பது வருஷமாகக் கேட்டும் கிடைக்காத சாவி!

இரண்டு கார்களும் திரும்பி வந்ததும் சண்டை தொடங்கியது.

"போர்ஷேல எஞ்சின் பின்னாடி. வளைவுல அசந்தா வாலைச் சுழட்டும். ஆனா கட்டுமானம் கோட்டை!" என்றார் ஜெர்மன்காரர்.

"கோட்டைய வச்சு என்ன பண்றது? எங்க ஆல்ஃபா எஞ்சின் பாடும்யா!" என்றான் சங்கத்து ஆள் ஒருவன்.

உர்சுலா ஈரிதேயைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க, ஓட்டறதுக்கு எப்படி?"

"எனக்கெப்படித் தெரியும்? பாட்டெல்லாம் ஓட்டறவங்களுக்கு. எனக்குக் காத்துதான்."

"ஓட்டினதே இல்லையா!" உர்சுலா சாவியை அவள் கையில் திணித்தாள். "நாங்க வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சுத்து போயிட்டு வாங்க."

ஈரிதே இடப்பக்கம் ஏறினாள். ஆனால் பாண்டாவின் மிருதுவான கிளட்ச் இல்லை இது. தாழ்ந்த இருக்கை, முரட்டு மிதி. எழுபத்திரண்டு வயது முட்டி மடங்கி நிமிர மறுத்தது. பல்லைக் கடித்து அழுத்தினாள். கார் குலுங்கி நின்றது. மறுபடியும் குலுங்கி அணைந்தது.

"பாத்தீங்களா? நான்தான் அப்பவே சொன்னேனே!" லெயார்கோ தொடையில் தட்டிச் சிரித்தான். மொத்தக் கடையும் சிரித்தது.

உர்சுலாவின் கையைப் பிடித்து இறங்கினாள் ஈரிதே. சாவியை அவளிடமே கொடுத்துவிட்டுப் புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

"சிரி, நல்லா சிரி. இருபது வருஷம் முன்னாடி குடுத்திருந்தா இந்த முட்டி பறந்திருக்கும். தேஞ்சு போனப்புறம்தான் கைக்கு வந்துச்சு. அப்பவும் நீயா குடுத்த, லெயார்கோ? யாரோ பெத்த மகராசி குடுத்தா."