அந்தக் கோச் இருக்கும் வரைக்கும்

டிரைவருடைய இடது முழங்கால் அவரைவிடப் பத்து வயது மூத்தது. டெப்போவிலிருந்து பஸ்ஸை எடுத்தால் ஷிஃப்ட் முடிகிறவரை கிளட்சை மிதித்து மிதித்து, வீட்டில் படுத்திருக்கும்போதுகூட அந்தக் கால் தானாக ஒரு தரம் மடங்கி நீளும். அப்படிப்பட்ட காலை இழுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் தினமும் அவர் மகள் வீட்டுக்கு மூன்று மாடி ஏறினார். ஏறி வீட்டுக்குள் போனாரா என்றால், இல்லை. கதவுக்கு எதிரே, மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே, இன்னும் தலை நிற்காத பேத்தி அழுதுகொண்டிருந்தாள். வெளியே தாத்தா உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரே ஒரு கதவு. பாவி மனிதர், அதுவும் திறந்துதான் கிடந்தது.

எல்லாம் ஒரு கால்பந்துக் கோச்சால் வந்தது. அந்தக் கோச்சுக்கு இப்படியொரு டிரைவர் உலகத்தில் இருப்பதே தெரியாது.

டெப்போவில், பஸ் கழுவும் இடத்துக்குப் பின்னால் ஓய்வறை இருந்தது. இரண்டு பெஞ்சு, ஒரு மின்விசிறி, மூலையில் கொஞ்சம் பச்சை தட்டிய டிவி. நாட்டு அணி ஆடும் நாட்களில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. அந்த அறையில் டிரைவருக்கு ரெஃப்ரி என்று பெயர். எந்தச் சண்டையானாலும் கடைசியில் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் டீயை உறிஞ்சிவிட்டு ஒரு வார்த்தை சொல்வார், அதோடு முடிந்தது. சொன்ன வார்த்தையை அவர் திரும்ப வாங்கி யாரும் பார்த்ததில்லை. வீட்டில் யாரும் கேட்காத வார்த்தைக்கு அங்கே அவ்வளவு மரியாதை என்பதால், அந்தப் பெயரை அவர் சட்டையைப் போலத் துவைத்துத் தேய்த்து வைத்திருந்தார்.

மாப்பிள்ளையும் அந்த அறையில் கிடைத்தவர்தான். டெப்போவின் ஸ்டோரில் பிரேக் லைனிங், பல்பு, கண்ணாடி எல்லாம் எடுத்துக் கொடுக்கும் வேலை. ஒரு நாள் ஒரு ஆஃப்சைடு கோலுக்காக இந்த இளைஞர், ரெஃப்ரியையே எதிர்த்து டீ ஆறும்வரை வாதாடினார். அன்றைக்கே டிரைவர் மனதில் முடிவு செய்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வரவில்லை, பெண்ணைப் பெற்றவர் ஸ்டோர் ஜன்னலில் தலையை நீட்டி மாப்பிள்ளை கேட்டார். அதுவரை "தம்பி, வாடா போடா" என்றிருந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு "மாப்ள, நீங்க" என்று மாறினார். சண்டை மட்டும் மாறவில்லை. இரண்டு பேரும் கத்திவிட்டு ஒரே குடையில் வீட்டுக்குப் போவார்கள்.

அப்போதுதான் பழைய கோச் ராஜினாமா செய்தார். அந்த இடத்துக்கு இரண்டு பெயர்கள் அடிபட்டன. ஒருவர் முன்னாள் கேப்டன், உள்ளூர்க்காரர். மற்றவர் வெளிநாட்டுக்காரர், கையில் எப்போதும் கம்ப்யூட்டர். ஓய்வறை இரண்டாகப் பிளந்தது. டிரைவர் உள்ளூர்க்காரர் பக்கம், மாப்பிள்ளை வெளிநாட்டுக்காரர் பக்கம். வெளிநாட்டுக்காரருக்கு நம் பாஷை தெரியாதே என்று ஒருவர் கவலைப்பட்டார். நம் பையன்களுக்கு நம் பாஷையில் சொன்னாலே புரியவில்லை, இனிப் புரியாத பாஷையில் சொல்லிப் பார்க்கட்டும் என்றார் டிரைவருடைய பஸ்ஸின் கண்டக்டர். அறை சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், சூட்டோடு சூடாக மாப்பிள்ளை சொன்னார்:

"மாமா, நீங்க இத்தனை வருஷமா ஒரே ரூட்ல ஓட்டிட்டு இருக்கீங்க. உங்களுக்கு வேற வழி இருக்கறதே தெரியாது. நம்ம டீமுக்கும் அதே வியாதிதான்."

அறை இன்னும் பெரிதாகச் சிரித்தது. டிரைவர் கையில் டீ கிளாஸ் இருந்தது. அதை மெதுவாகப் பெஞ்சில் வைத்தார்.

அந்த ஒரே ரூட்டின் கதை யாருக்குத் தெரியும்? அவர் வேலையில் சேர்ந்த புதிதில் நீண்ட தூர வண்டி கொடுத்தார்கள். மலைப்பாதை, ராத்திரி ஓட்டம், கூடுதல் படி, சின்ன வயதில் அவர் ஆசைப்பட்டதெல்லாம் அதுதான். ஆனால் மகளுக்கு அப்போது மூச்சிரைப்பு. ராத்திரி அப்பா மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டால்தான் அந்தக் குழந்தை தூங்கும். அதனால் மேலதிகாரியின் கையைக் காலைப் பிடித்து டவுன் ரூட்டை வாங்கிக்கொண்டார். குழந்தைக்கு மூச்சு சரியானது. அவருக்கு அந்த ரூட்டே ஆயுளாகிப் போனது. அந்த மகளைக் கட்டியவர் வாயிலிருந்தா இந்த வார்த்தை?

இதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த அறையில் அழுதிருப்பார். அதற்குப் பதிலாக எழுந்து நின்றார்.

"அந்த ஆளு மட்டும் கோச்சா வரட்டும். அவன் இருக்கற வரைக்கும் உன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக 'உன்' என்றார். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த வாரமே வெளிநாட்டுக்காரரை நியமித்தார்கள். மகள் அப்போது கர்ப்பமாக இருந்தாள்.

ரெஃப்ரி வார்த்தை மாறுவாரா என்று டெப்போ முழுக்கக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமனாரும் மாப்பிள்ளையும் பேச்சை நிறுத்தினார்கள். பஸ்ஸுக்கு பல்பு வேண்டுமென்றால் கண்டக்டர் போய் வாங்கி வந்தார். டிரைவர் சீட்டின் மெத்தை கிழிந்து கம்பி குத்தியது. அதை மாற்ற டிரைவரே நேரில் வந்து அளவு சொல்ல வேண்டும் என்பது ஸ்டோர் வழக்கம். நேரில் போனால் பேச வேண்டும். அவர் நான்காக மடித்த துண்டின் மேல் உட்கார்ந்து ஓட்டினார்.

குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் பேத்தியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். ஆஸ்பத்திரி சபதத்தில் வராதே. ஆனால் மகள் வீடு திரும்பியதும் கதவுக்கு வெளியே நின்று கையை நீட்டினார். மகள் அவருடைய மகள்தானே, வீம்பு எங்கே போகும்? "உள்ள வந்து தூக்கிக்கோங்கப்பா. வெளிய கொண்டு வந்து குடுக்க இது என்ன பார்சலா?" என்றாள். அன்றிலிருந்து அவருக்குப் படிக்கட்டுதான்.

உள்ளேயும் வெளியேயுமாக அலைந்து அலுத்துப்போனவள் அவர் மனைவி. "உங்க சபதம் தெரிஞ்சா அந்த மனுஷனே பயந்து வேலைய விட்டுட்டுப் போயிடுவாரு. ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க" என்பாள். தண்ணீர் கிளாஸைப் படியில் வைத்துவிட்டுப் போவாள்.  மாப்பிள்ளை டிவியைச் சுவரிலிருந்து கொஞ்சம் திருப்பி வைத்திருந்தார். படிக்கட்டிலிருந்து பார்த்தால் மைதானம் முக்கால்வாசி தெரியும்.

போதாத காலம், அணி ஜெயிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு கோலுக்கும் தெரு முழுக்கக் கூச்சல் எழும்போது படிக்கட்டில் ஒரு மனிதர் சுருங்கிச் சுருங்கி உட்கார்ந்தார். பிறகு சில மேட்சுகள் கைநழுவின. தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் வந்தது. இதில் தோற்றால் கோச்சை அனுப்பிவிடுவார்கள் என்று பேப்பரிலேயே போட்டுவிட்டார்கள்.

"நாளைக்கு டீம் தோத்தா உங்களுக்கு விடுதலை, ரெஃப்ரி" என்றார் கண்டக்டர், டிக்கெட் பையை மடித்துக்கொண்டே. விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ராத்திரி டிரைவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தோற்கட்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. நாட்டு அணி தோற்ற நாளில் சாப்பிடாமல் படுத்தவர் அவர். அப்பா இறந்தபோதுகூட, காரியம் முடிந்து ரேடியோவில் ஸ்கோர் கேட்டவர். அந்த மனதுக்குள்ளிருந்தா இந்தக் குரல்?

மறுநாள் சாயங்காலம் அவர் படிக்கட்டில் இருந்தார். உள்ளே மாப்பிள்ளை குழந்தையை மார்பில் சாய்த்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். டிவியில் மழை. இரண்டு பக்கமும் கோல் இல்லை. டிரா ஆனாலே போதும், தகுதி கிடைத்துவிடும். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் நம் டிஃபெண்டர் ஒருவன், அவசரமே இல்லாத பந்தை, கோல்கீப்பருக்குத் திருப்பித் தட்டினான். ஈரப் புல்லில் பந்து நின்றுவிட்டது. எதிராளி ஒருவன் நடுவில் புகுந்து வலைக்குள் தள்ளினான்.

"அப்பாடா" என்றது டிரைவர் வாய்.

சத்தமாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. பெருமூச்சைப் போலத்தான் வந்தது. ஆனால் வீடே அமைதியாக இருந்ததால் உள்ளே கேட்டுவிட்டது. மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை. ஏதோ அறியாத ஆள் வாசலில் நிற்பதுபோலப் பார்த்தாள்.

கடைசி விசில் ஊதிவிட்டார்கள். டிவியில் அந்த டிஃபெண்டர் பனியனை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தான். யாரும் கிட்டே போகவில்லை. மழையில் நனைந்தபடி அந்த வெளிநாட்டுக் கோச் நடந்து வந்தார். வயதான ஆள். முழங்காலில் கையை ஊன்றி, இரண்டு தவணையாக மடங்கி, பையன் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்தார். அப்படி உட்காரும் வலி எது என்று டிரைவருக்குத் தெரியும். இந்த மனிதருக்கும் எங்கேயோ ஒரு வீடு இருக்கும், அங்கேயும் படிக்கட்டு இருக்கும் என்று நினைத்தார்.

நாளை இவரை அனுப்பிவிடுவார்கள். நாளை சாயங்காலம் தலை நிமிர்ந்து உள்ளே போகலாம், டெப்போவில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பையன் அழுத அழுகையை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். அப்படிப் போய்ப் பேத்தியைத் தொடும் கை என்ன கை?

டிரைவர் கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். செருப்பைக் கழற்றினார். கோச் இன்னும் கோச்சாக இருக்கும்போதே, வாசற்படியைத் தாண்டி உள்ளே போய் நின்றார்.

 சமையலறை வாசலில் அவர் மனைவி ஈரக் கையோடு நின்றாள். மாப்பிள்ளை எழுந்தார், முகம் வாடிக் கிடந்தது.

"மாமா... இன்னும் அவர அனுப்பல."

"தெரியும் மாப்ள. குடுங்க இவள."

குழந்தை கைக்கு வந்தாள். கனமே இல்லை. மகள் வந்து, அவர் முழங்கையைக் கொஞ்சம் உயர்த்தி, குழந்தையின் தலையைச் சரியாக வைத்தாள். அவர் கண்ணைத் துடைக்கக் கை இல்லாததால் அது பாட்டுக்கு வழிந்தது.

வெகுநேரம் கழித்து, நாற்காலியில் உட்கார்ந்து டிவி பக்கம் பார்த்தபடி கேட்டார்: "ஒரே ரூட்டுன்னு சொன்னீங்களே மாப்ள. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

மாப்பிள்ளை விழித்தார். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நடிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தார்.

"நானா? எப்ப மாமா? நீங்க அந்த உள்ளூர்க்காரர் வரலைன்னுதான் கோபமா இருக்கீங்கன்னு நெனச்சேன்."

இத்தனை மாதம். இத்தனை படி. சொன்னவருக்கு நினைவுகூட இல்லை. டிரைவருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. நீண்ட பயணம் போய் இறங்கின களைப்புதான் வந்தது. மகளுக்கு மட்டும் புரிந்திருக்க வேண்டும். நாற்காலியின் பின்னால் வந்து அப்பாவின் தோளில் கை வைத்தாள். சின்ன வயதில் மூச்சு வாங்கும்போது வைக்கும் அதே இடம்.

"விடுங்க. ஏதோ கேட்டேன்" என்றார் டிரைவர்.

மாப்பிள்ளை, "சீட்டு மெத்தை வந்து கெடக்கு மாமா. உங்களுக்குன்னு எடுத்து வச்சேன். நீங்க கேக்கவே இல்ல" என்றார்.

மறுநாள் காலையில் கோச் போய்விட்டார் என்று செய்தி வந்தது. அதற்குள் டிரைவர் படி தாண்டிய கதையும் டெப்போவுக்கு வந்துவிட்டது. ஓய்வறையில் அவரைப் பார்த்ததும் ஒரே கூத்து. ரெஃப்ரி காட்டிய சிவப்பு அட்டையை ரெஃப்ரியே பாக்கெட்டில் போட்டுக்கொண்டாராம். இனிமேல் அவர் பேச்சு எப்படிச் செல்லும் என்று ஒருவர் கேட்டார், இன்னொருவர் பதவியை ஏலம் விடலாம் என்றார். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு டீ குடித்தார்.

கண்டக்டர் மட்டும் பக்கத்தில் வந்து குனிந்து கேட்டார். "ஒரே ஒரு ராத்திரி பொறுத்திருந்தா பேராவது நின்னிருக்குமேண்ணே. என்ன அவசரம்?"

"இன்னைக்குப் போயிருந்தா டீம் தோத்துக் கெடச்ச வீடு அது. நேத்துப் போனது என் மக வீடு" என்றார் டிரைவர். கண்டக்டருக்கு அது புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டிவைத்தார்.

அதற்குள் பெஞ்சில் அடுத்த கோச் யார் என்று தொடங்கியிருந்தார்கள். மூன்று பெயர்கள் ஓடின. குரல்கள் ஏறின. ஸ்டோர் பக்கமிருந்து மாப்பிள்ளையும் வந்து கதவில் சாய்ந்து நின்றார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. பழக்கதோஷத்தில் எல்லோரும் டிரைவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"யாரு வந்தாலும் வரட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

வெளியே பஸ்ஸில் புது மெத்தை போட்டிருந்தார்கள். உட்கார்ந்து பார்த்தார். கம்பி குத்தவில்லை. இடது கால் எப்போதும்போலக் கிளட்சில் வலித்தது. கண்டக்டர் ஏறி விசில் கொடுத்தார். வண்டி டெப்போ வாசலைத் தாண்டி, அதே தெருவில், அதே பக்கம் திரும்பியது.