பொன்னியம்மா, இந்தப் பையை ஒட்ட வை

என் வயிற்றில் குடல் வெளியே வந்திருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருவருப்புப் படுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன். நிறைய பேர் அப்படி எழுந்து போனதைப் பார்த்துவிட்டேன். இருப்பவர்கள் கேளுங்கள். பொன்னியம்மனைக் கும்பிடுகிறவர்களிடம் அவள் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

என் பெயர் பரிமளா. மானாம்பதிப் பக்கம் எங்கள் ஊர். எனக்கும் என் கணவர் ஏழுமலைக்கும் கொஞ்சம் நெல், கொஞ்சம் வேர்க்கடலை. போன வருடம் பங்குனியில் கடலை பிடுங்கிக்கொண்டிருக்கும்போது வயிற்று வலி வந்து நிலத்திலேயே விழுந்துவிட்டேன். குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் அவசரமாக அறுத்தார்கள். கண் விழித்துப் பார்த்தால் தொப்புளுக்கு வலது பக்கம் சிவப்பாக ஒரு சதை, அதன்மேல் ஒரு பை. அந்தச் சதை என் குடலின் வாய். இனி மலம் இந்த வழியாகத்தான் வரும், உயிரைக் காப்பாற்ற வேறு வழி இல்லை, திரும்ப உள்ளே வைக்க முடியுமா என்று பிறகுதான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

அங்கே இருந்த நர்சம்மா பையை ஒட்டக் கற்றுக்கொடுத்தார். நடுவில் ஓட்டை வெட்டிய ஒரு ஒட்டுத் தட்டு. குடல் வாயைச் சுற்றித் தோலில் அதை ஒட்ட வேண்டும். பை அதில் தொங்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த வரைக்கும் நன்றாகத்தான் ஒட்டிக்கொண்டு இருந்தது. "மறுபடி கண்டிப்பா வந்து காட்டுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து கடலை உரிக்கத் தரையில் உட்கார்ந்தேன். தட்டு ஓரத்தில் பிய்ந்தது. புடவை எல்லாம் நனைந்தது. கழுவி வேறு ஒன்று ஒட்டினேன். அதுவும் பிய்ந்தது. வருவது கட்டியாக இருந்தால்கூடப் பரவாயில்லை. தண்ணீராக வரும், பட்ட இடத்தில் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும். தோல் உரிந்து ரணமானது. ரணத்தில் நீர் கசிந்தது. கசிகிற இடத்தில் தட்டு எப்படி ஒட்டும்? எரிச்சல் தாங்காமல் நான் தேங்காய் எண்ணெய் வேறு தடவினேன். ஏழுமலை பாவம், மேலே மேலே பிளாஸ்திரி போட்டார். பிளாஸ்திரியோடு சேர்ந்து தோலும் வந்தது. பஸ்ஸில் ஒழுகினால் என்ன செய்வது என்ற பயத்தில் நான் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. அவர் மட்டும் போய்ப் பை வாங்கி வருவார்.

இப்போது கஸ்தூரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். தோட்டத்துப் பக்கம், குழாய், குளிக்கிற கீற்று மறைப்பு எல்லாம் பொது. வரப்புச் சண்டை வந்ததில் இருந்து நாங்கள் முகம் பார்த்துப் பேசுவதில்லை. அவள் தன் எருமையைப் பார்த்துப் பேசுவாள். நான் என் கோழியைப் பார்த்துப் பதில் சொல்வேன்.

"இன்னா நாத்தம் பாரு. சாணி போடுற ஜென்மம், நீ கூட இப்டி நாறலியே" என்பாள் எருமையிடம்.

"நாத்தம் புடிக்காதவங்க மூக்க அறுத்து எறிஞ்சிட்டுப் போவட்டும்" என்பேன் கோழியிடம்.

பேசிவிட்டு உள்ளே வந்து அழுவேன். எதிரி சொன்னதில் பொய் இல்லையே. எனக்கே என்மேல் குமட்டியது. யாரையும் பக்கத்தில் வர விடவில்லை. சாப்பிட்டால்தானே வெளியே வரும் என்று சாப்பாட்டைக் குறைத்தேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் தலை சுற்றி விழுந்தேன்.

ஆடி மாதம் பொன்னியம்மனுக்குக் கூழ் வார்த்தல். எந்த வருடமும் தவறியதில்லை. பையைச் சுற்றித் துண்டைக் கட்டி, மேலே புடவையை இறுக்கிச் சொருகிக்கொண்டு கூழ்ப் பானையோடு கோயிலுக்குப் போனேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் சூடாகத் தொடையில் இறங்கியது. பக்கத்தில் இருந்தவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நகர்ந்தாள். அடுத்தவளும் நகர்ந்தாள்.

கஸ்தூரி அன்றைக்கு எருமையைத் தேடவில்லை. நேராக என்னைப் பார்த்தே கத்தினாள்.

"அறிவு கீதா உனக்கு? சாமிக்கு வெச்சிக்கீற கூழு பக்கத்துல வந்து குந்திக்கினு கீறியே! ஏந்து போ வூட்டுக்கு!"

ஒருத்திகூட அவளை அடக்கவில்லை. நான் எழுந்தேன். பானையை அங்கேயே விட்டேன். போகும்போது கருவறையைப் பார்த்தேன். மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, எலுமிச்சை மாலையோடு அம்மன் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் பூஜை மாடத்தில் அவள் படம் இருக்கிறது. அதன் எதிரில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். நான் பயபக்தியோடு வேண்டினேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

"நீயெல்லாம் ஒரு தாயா? உனக்குக் கண்ணு கீதா, இல்ல அவிஞ்சி போச்சா? குடல உள்ள வெய்யின்னு கேட்டனா? நோவு தீருன்னு கேட்டனா? இந்தப் பை ஒயுங்கா ஒட்டிக்கினு இருக்கட்டும், அது போதும். அதுகூட உன்னால முடியலன்னா உனக்கு எதுக்குடி விளக்கு?"

விளக்கை அணைத்தேன். படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

மறுநாள் காலை. ஏழுமலை நிலத்துக்குப் போய்விட்டார். கீற்று மறைப்பில் நின்றுகொண்டு கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி, புதுத் தட்டு ஒட்டினேன். அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஒட்டியிருந்தது. துணி துவைக்கலாம் என்று கல்லின்மேல் உட்கார்ந்தேன். பிய்ந்தது. நான் போட்ட கூச்சலில் கோழிகள் சிதறி ஓடின.

கஸ்தூரி கீற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். இரக்கப்பட்டு வந்தவள் இல்லை. கையில் துடைப்பம் இருந்தது.

"காலைலயே இன்னாடி பேஜாரு? தெருவே ஓடியாரணுமா?"

நான் பாதித் துணியோடு உட்கார்ந்திருந்தேன். மறைக்கவும் தோன்றவில்லை. "வந்து பாரு! நல்லா பாரு! உன் கண்ணு குளிரட்டும்!" என்று கத்தினேன்.

அவள் பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள். பிறகு என்னைத் திட்ட ஆரம்பித்தாள்.

"அடி கூறு கெட்டவளே! நின்னுக்கினு ஒட்டுற. குந்துனா அந்த எடம் பள்ளமா உள்ள போயி மடியுது. மடிப்பு மேல அட்டைய ஒட்டுனா பிச்சிக்காம இன்னா பண்ணும்? எண்ணெ வேற! எண்ணெ மேல எதுனா ஒட்டுமா?"

நின்றாலும் உட்கார்ந்தாலும் என் வயிற்றை நான் மேலே இருந்துதான் பார்ப்பேன். பையும் தட்டும் மறைத்துவிடும். கீழே அந்தப் பள்ளம் விழுவது எனக்குத் தெரியவே தெரியாது.

"இத்த அந்த நர்சம்மாகிட்ட போயி சொல்லு. படுத்துக்கினு காட்டாத, குந்திக்கினு காட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது துடைப்பத்தால் மறைப்பை ஓர் அடி அடித்துவிட்டுத்தான் போனாள்.

அடுத்த நாளே இடுப்பில் துண்டுகளைச் சுற்றிக்கொண்டு ஏழுமலையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்சம்மா முதலில் கோபித்துக்கொண்டார். "இத்தன நாளா ஏம்மா வரல? ரணத்த பாரு." நான் நாற்காலியில் உட்கார்ந்து காட்டினேன். முன்னால் குனியச் சொன்னார். நிமிரச் சொன்னார். எல்லா நிலையிலும் பார்த்தார்.

நான் இளைத்துப் போனதால் அந்த இடத்தில் மடிப்பு விழுகிறது என்றார். குடல் வாயை அளந்தார். ஆபரேஷன் வீக்கம் வற்றி அது சின்னதாகிவிட்டிருந்தது. நானோ பழைய அளவிலேயே தட்டில் ஓட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் வெறும் தோல் தெரிந்ததால்தான் அவ்வளவு ரணம். எண்ணெய் தடவவே கூடாது என்றார். வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் போக ஒற்றி எடுத்து, ரணத்தில் பவுடர் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டார். மடிப்பில் ஒட்டுகிற வளையம் ஒன்றை வைத்து மேடாக்கினார். தோல் பக்கம் கொஞ்சம் குவிந்து இருக்கும் வேறு மாதிரித் தட்டைக் குடல் வாய்க்குச் சரியாக வெட்டி ஒட்டி, என் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னார். சூட்டில்தான் நன்றாகப் பிடிக்குமாம். பிடிமானத்துக்கு இடுப்பில் ஒரு பெல்ட்டும் போட்டுவிட்டார். வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் இருந்ததற்கும் தண்ணீர் குடிக்காததற்கும் தனியாகத் திட்டு வாங்கினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்கார எனக்குப் பயம். ஏழுமலை தோளைப் பிடித்து உட்கார வைத்தார். உத்திரமேரூர் வரும்வரை என் காதருகே குனிந்து கேட்டுக்கொண்டே வந்தார்.

"ஒட்டிக்கினு கீதா?"

"கீது."

"இப்ப?"

"கீது, சும்மா வாய்யா."

வீட்டுக்கு வந்தும் இருந்தது. மறுநாளும் இருந்தது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வயிறு நிறையச் சோறு சாப்பிட்டேன். சோற்றைப் பிசையும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. எழுந்து போய்ப் படத்தைத் திருப்பினேன்.

திருப்பியதும் முதலில் வந்தது நன்றி இல்லை, சண்டைதான். "பதில் சொல்ல உனக்கு ஊருல வேற வாயே கெடைக்கலயா? அவ வாயிதான் கெடைச்சிதா?" என்று கேட்டேன். அவள் எப்போதும் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விழுந்து கும்பிட்டேன். குப்புற விழுந்தும் பை பிய்யவில்லை.

நன்றி சொல்ல கஸ்தூரி வீட்டு வாசலுக்குப் போனேன். "அக்கா, நீ சொன்னதாலதான்..." என்று ஆரம்பித்தேன்.

"உனக்கோசரம் சொன்னேன்னு நெனச்சிக்கினியா? நாத்தம் தாங்காம சொன்னேன். போ, போ" என்று கதவைச் சாத்தினாள். நாங்கள் கட்டிப்பிடித்து அழுதோம் என்று சொன்னால் உங்களுக்குக் கேட்க நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. வரப்பு வழக்கு இன்றும் தீரவில்லை.

தோல் ஆறிவிட்டது. இந்த வருடம் களை எடுக்கப் போனேன். தாமல் பக்கம் இருந்து பை வைத்த ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். முதலில் அவரை உட்கார வைத்துத்தான் பார்த்தேன், பிறகு நர்சம்மாவிடம் கூட்டிப் போனேன்.

உங்களுக்கும் சொல்கிறேன். பொன்னியம்மாவிடம் பவ்யமாகப் பேச வரவில்லையா, கோபமாகவே பேசுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு அவளைத் திட்டுங்கள். அவள் கேட்கிறாள். ஆனால் பதில் பிடிக்காதவர் வாயில் இருந்து வந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் அன்று காதைப் பொத்தியிருந்தால் இன்னும் அந்தக் கல்லின்மேல்தான் அழுதுகொண்டிருப்பேன்.

இப்போது கஸ்தூரிக்கு முட்டி வலி. குழாயடியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் எருமையை ஏசுகிறாள். வெள்ளிக்கிழமை தோறும் பொன்னியம்மனிடம் அவள் பெயரைச் சொல்லி, முட்டியைச் சரியாக்கு என்று வேண்டிக்கொள்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் வேண்டுகிறேன். ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமைகூட விட்டதில்லை.