பொட்டு வைக்காத சைக்கிள்

பெங்களூர் ஈஜிபுராவில் பாஞ்சாலியைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவள் சைக்கிள் மணியைத் தெரியாதவர்கள் இல்லை. சந்தில் ஆள் இருக்கிறதோ இல்லையோ, அடித்துக்கொண்டேதான் போவாள். திருட்டுச் சைக்கிள் என்று பேச்சு வந்த பிறகு இன்னும் பலமாக அடித்தாள்.

கோரமங்களாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளுக்குப் பெருக்கித் துடைக்கிற வேலை. திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் சைக்கிள் கொடுத்த காலத்தில் படித்தவள், அதனால் ஓட்டத் தெரியும். இங்கே வந்தபின் ஓட்டத்தான் ஒன்றும் இல்லை. விடியுமுன் நடந்து போய், வேலை முடித்து நடந்தே திரும்புவதற்குள் மகள் தீபிகா வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போயிருப்பாள். அது ஒன்றுதான் பாஞ்சாலியை அறுத்துக்கொண்டிருந்தது.

கார் நிற்கும் கீழ்த்தளத்தில் ஒரு சிவப்பு சைக்கிள் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. இரண்டு டயரும் தரையோடு ஒட்டிவிட்டன. முன்கூடையில் எலி குடித்தனம் நடத்தியது.

ஆயுத பூஜை வந்தால் அங்கே வண்டி கழுவுவது பாஞ்சாலி பொறுப்பு. முதல் நாளே வீடு வீடாகப் போய், உங்க வண்டி எதெது என்று கேட்பாள். அவர்கள் இறங்கி வந்து விரல் நீட்டுவார்கள். நீட்டிய வண்டியைக் கழுவி வைத்தால், அர்ச்சகர் பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். தண்ணீர் மோட்டாருக்குப் பொட்டு உண்டு. பாஞ்சாலியின் மாப்புக்கும் உண்டு. அந்தச் சைக்கிளை மட்டும் எந்த வருஷமும் ஒருவரும் காட்டியதில்லை.

இந்த வருஷம் எல்லா வண்டியையும் கழுவி முடித்து, கடைசியாக அதைக் கழுவினாள். ஹேண்டில்பாரில் தானே குங்குமம் வைத்தாள். வாட்ச்மேன் மஞ்சுநாத் பார்த்துவிட்டார்.

“யாருதுக்கா இது?”

“பொட்டு வச்சவளுது.”

மஞ்சுநாத் சிரித்தார். “தகொண்டு ஹோகி அக்கா, எடுத்துட்டுப் போங்க. இல்லேன்னா பழைய இரும்புக்காரன் தூக்கிட்டுப் போவான்.”

இன்னொரு தடவை வீடுகளில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். மறந்துபோன பொருளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், கேட்ட நிமிஷமே அதற்குச் சொந்தக்காரர் முளைப்பார். பாஞ்சாலிக்கு அது தெரியும். தெரிந்துதான் கேட்கவில்லை.

நீலசந்திராவில் ஒரு சைக்கிள் கடையில் விட்டு டயர், டியூப், செயின் மாற்றினாள். ஆசைக்கு ஒரு புது மணியும் மாட்டினாள். மறுநாள் வேலை முடித்துச் சிட்டாகப் பறந்து வீட்டுக்கு வந்தாள். தீபிகா அன்றைக்குச் சூடாகத் தோசை தின்றுவிட்டுப் போனாள்.

ஒளிக்கத் தெரியாதவள், அதே சைக்கிளில் அதே கேட்டுக்குள் தினமும் வந்தாள். மூன்றாம் மாடி லாவண்யா ஒருநாள் கண்டுகொண்டாள். எங்கள் வீட்டு சைக்கிள் என்றாள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் சந்திரசேகரன் இறங்கி வந்தார்.

“சொல்லாம எடுத்தா அதுக்குப் பேரு என்னம்மா?”

“திருடுறவ தெனம் இதே கேட்டுல பெல் அடிச்சிகினு வருவாளா சார்?”

“சாமர்த்தியமா பேசாதே. வண்டியை வச்சிடு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே.”

பாஞ்சாலி ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு லாவண்யாவிடம் திரும்பினாள்.

“மேடம், பூஜைக்கு முந்தின நாளு வண்டி எதெதுன்னு கேட்டனா இல்லியா?”

“கேட்டீங்க.”

“எதைக் காமிச்சீங்க?”

“கார். ஸ்கூட்டர்.”

“இது உங்க காருக்குப் பின்னாடிதான் கெடந்துது. போன வருசமும் கேட்டேன், அதுக்கு முன்னாடியும் கேட்டேன். மேலேருந்து லேப்டாப்பைத் தூக்கிகினு வந்து பொட்டு வச்சீங்க. உங்களுதுன்னு நெனப்பு இருந்தா இதை சாமிக்குக் காட்டாம விட்டிருப்பீங்களா?”

“பூஜை வேற, சொத்து வேற,” என்றார் செயலாளர்.

“சரி சார். எலி குடித்தனம் பண்ணப்ப யாரு சொத்துன்னு கேட்டீங்களா?”

மஞ்சுநாத்துக்கு இருமல் வந்துவிட்டது.

லாவண்யா தலை குனிந்தாள். “விடுங்க சார். அக்கா, நீங்களே வச்சுக்கோங்க. நான் குடுத்ததா இருக்கட்டும்.”

வேறொருத்தி என்றால் கும்பிட்டு வாங்கியிருப்பாள். பாஞ்சாலி அசையவில்லை.

“அது வேணாம் மேடம். நீங்க குடுக்கல. கெடந்துது, எடுத்தேன். குடுத்ததுன்னு ஆயிட்டா காலம் பூரா உங்களப் பாத்துத் தலையாட்டணும். வேணும்னா சொல்லுங்க, என் டயரு, செயினைக் கழட்டிகினு பழசை மாட்டித் தரேன். நீங்க விட்டது விட்டபடி கெடக்கும்.”

“எனக்கு எதுக்கு? பையன் இப்போ பைக் கேக்கறான்.”

“அப்போ நான் எடுத்ததுதானே?”

லாவண்யாவுக்குச் சிரிப்பு வந்தது. “சரிக்கா. நீங்க எடுத்ததுதான்.”

செயலாளர் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. லிஃப்டில் ஏறிவிட்டார்.

மறுநாள் விடியலில் கேட்டுக்கு வெளியே மணி அடித்தது. மஞ்சுநாத் திறந்துவிட்டார். கீழ்த்தளம் முழுக்க மணி எதிரொலிக்க, கார்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினாள். முதல் மாடி ஜன்னலிலிருந்து சந்திரசேகரனின் தூக்கக் கலக்கக் குரல் வந்தது.

“ஏம்மா, பெல்லை அடிக்காம வரக் கூடாதா?”

“பெல்லு நான் வாங்கிப் போட்டது சார்,” என்று சொல்லிவிட்டு மாப்பை எடுத்தாள் பாஞ்சாலி.