நன்றி, விண்ணப்பம் கிடைத்தது

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் நொட்டை. புது மேசை வந்தால் நான்கு காலையும் ஆட்டிப் பார்ப்பாள். கணவர் புதுச் சட்டை போட்டு வந்து நின்றால், அவள் கண்ணில் முதலில் படுவது விட்டுப்போன தையல்தான். இந்தக் குணத்துக்குத்தான் ஒரு கம்பெனி பதினோரு வருடம் சம்பளம் கொடுத்தது. அடுத்தவர் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் சோதனையாளர் அவள்.

அப்பா படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டாள். அவரைப் புரட்டிப் படுக்க வைப்பதிலும் மருந்து கொடுப்பதிலும் இரண்டு வருடம் ஓடிவிட்டது. அவர் கண்ணை மூடிய பிறகு வேலை தேடினால் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு பெரிய தொழில்நுட்பக் கம்பெனிக்கு மூன்று வாரத்தில் மூன்று தடவை இணையத்தில் விண்ணப்பித்தாள். ஒவ்வொரு தடவையும் 'நன்றி, விண்ணப்பம் கிடைத்தது' என்று திரையில் வந்தது. அதோடு சரி, மின்னஞ்சல் எதுவும் வரவில்லை. அவள் கை சும்மா இருக்குமா? நான்காம் தடவை, கடைசியாக வேலை பார்த்த தேதியை மட்டும் மாற்றி, பத்து மாதத்துக்கு முன்பு என்று போட்டாள். உடனே மின்னஞ்சல் வந்தது. மறுநாளே நேர்காணலுக்கு அழைப்பும் வந்துவிட்டது. சோதித்துப் பார்க்கப் போட்ட பொய்த் தேதிதான். ஆனாலும் தேடி வந்த அழைப்பை உதற அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டு சுற்று நன்றாகவே போயிற்று. மூன்றாவதுதான் கடைசி. கிளம்பும்போது கணவர் சொன்னார்: "இன்னைக்கு ஒரு நாள் வாயைக் கட்டிக்க. எதைக் காட்டினாலும் நல்லா இருக்குன்னு சொல்லிடு."

கண்ணாடிச் சுவர் போட்ட சின்ன அறை. எதிரே சோதனைப் பிரிவின் தலைவர், பக்கத்தில் ஆள் எடுக்கும் பிரிவின் அதிகாரி அம்மாள். ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுத் தலைவர் சாய்ந்து உட்கார்ந்தார். "கடைசியா ஒண்ணு. நீங்க கண்டுபிடிச்சதுலயே பெரிய பிழை எது?"

இதற்கு ஒரு பதிலை மனப்பாடம் செய்தே வந்திருந்தாள். ஆனால் வாய் கேட்கவில்லை.

"உங்க விண்ணப்பப் பக்கத்துலதான் சார் இருக்கு," என்று ஆரம்பித்து, பொய்த் தேதி உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

தலைவர் மடிக்கணினியை இழுத்துத் தானே செய்து பார்த்தார். "இதை எப்படி விட்டோம்?"

"அது பிழை இல்ல சார்," என்றார் அதிகாரி, யாரையும் பார்க்காமல். "ஒரு வருஷத்துக்கு மேல இடைவெளி இருந்தா வேண்டாம்னு நாங்கதான் அப்படி வைக்கச் சொன்னோம்."

அவளுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. அப்பாவோடு இருந்த இரண்டு வருடத்தை யாரோ குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். போகவில்லை.

"அப்படின்னா அந்த நன்றிதான் மேடம் பிழை. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. மூணு வாரமா நான் ஃபோனைக் கீழயே வைக்கல."

அதோடு நேர்காணல் முடிந்தது. தலைவர் மட்டும் மின்தூக்கி வரை கூட வந்து வழியனுப்பினார்.

நான்காம் நாள் கடிதம் வந்தது. தவறான தகவல் தந்ததால் தேர்வு செய்ய இயலவில்லையாம். நியாயம்தான் என்று சொல்லிக்கொண்டாள், அன்று முழுக்கப் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை கை மறுபடி அரித்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து உண்மைத் தேதியைப் போட்டு அனுப்பினாள். நன்றி வரவில்லை. 'ஓராண்டுக்கு மேல் இடைவெளி உள்ளவர்களை நாங்கள் எடுப்பதில்லை' என்று வந்தது.

பின்னால் நின்று படித்த கணவர் பெருமூச்சு விட்டார். "வேலையும் போச்சு. அவங்களுக்குச் சும்மாவே வேலை பார்த்துக் கொடுத்துட்டும் வந்திருக்கே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"இருங்க. பதிமூணு மாசம்னு போட்டாலும் இதையே சொல்லுதான்னு பார்த்துடறேன்."