கத்தக்கூடாத ஏரி

ரஷ்யாவின் வடகோடியில், கோலா மலைகளுக்கு நடுவே, பனிப்பாறை குடைந்துவிட்டுப் போன பள்ளம்தான் எங்கள் ஏரி. மூன்று பக்கம் செங்குத்துப் பாறை, நாலாவது பக்கம் ஓடை. மேற்குப் பாறையில் ஆள் வடிவில் கறுப்பாக அப்பிக் கிடப்பவன், ஏரி நடுவே நின்று கத்தியதால் அப்படி ஆகிப்போன ராட்சதனாம். அதனால் அங்கே யாரும் குரல் உயர்த்துவதில்லை. உயர்த்தினால் மீன் போய்விடும், ஆளும் போய்விடும் என்பார்கள்.

உஸ்தீன்யா ஊரிலேயே பெரிய வாயாடி. ஏரியில் கால் வைத்தால் மட்டும் கப்சிப். கணவன் லாஸருக்கு அதில் ஒரே கொண்டாட்டம்.

"உன்னை இங்கேயே குடிவெச்சிடலாமான்னு பாக்குறேன்" என்று காதோரம் கிசுகிசுப்பான்.

"வீட்டுக்கு வா, எல்லாத்தையும் சேத்து வெச்சுக் குடுக்குறேன்" என்பாள் அவளும் கிசுகிசுப்பாகவே.

ஏரி இன்னும் உறைந்து கிடந்த ஒரு வசந்தத்தில், பனிக்கட்டிக்கு அடியில் போட்ட வலைகளை எடுக்கப் போனார்கள். அவள் மீனைக் கழற்றிக்கொண்டிருந்தாள். லாஸர் அடுத்த வலைக்குக் குறுக்கே நடந்தான், ஓடைப் பக்கமாக. அவனுக்கு முன்னால் பனிக்கட்டி கறுத்து இளகிக் கிடந்ததை அவள் பார்த்துவிட்டாள். கண்ணில் வெயில் அடித்ததால் அவன் பார்க்கவில்லை.

அவன் பெயர் அவள் தொண்டைவரை வந்தது. ஆனால் அவள் கத்தவில்லை, ஓடினாள். கையை ஆட்டிக்கொண்டே ஓடினாள், முதுகு காட்டிப் போகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? போய்ச் சேர்ந்தபோது கறுப்புத் தண்ணீர்தான் இருந்தது. விழும்போது அவனும் கத்தவில்லை. அவனும் இந்த ஊர்க்காரன்தானே.

கத்தாமல் இருந்ததற்காக ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சலாக வருகிறது.

"நான் கத்தியிருந்தா அவர் திரும்பியிருப்பாரா?" என்று பக்கத்து வீட்டு மத்ரோனாவிடம் கேட்டாள்.

"ஏரி விட்டிருக்குமாக்கா? ரெண்டு பேரையும் சேத்து எடுத்திருக்கும். நீ செஞ்சதுதான் சரி."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டாள், தூங்கினாள். ஆனாலும் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

மறு வசந்தம் வலை எடுக்கத் தனியாகப் போனாள். ஏரி நடுவே நின்று, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி, "லாஸர்!" என்று கத்தினாள். மலைகள் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லிவிட்டு ஓய்ந்தன. கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். ஏரி வந்து தன்னையும் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று கெஞ்சாத குறைதான்.

ஒன்றும் நடக்கவில்லை. காலடியில் பனிக்கட்டி கல்லாக நின்றது. வலையை இழுத்தாள். வலை முட்ட மீன் இருந்தது.

"அன்னிக்கே கத்தியிருக்கலாமே" என்றாள். அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்து, மலை கேட்க அழுதாள்.