தப்பான குரூப்புக்குப் போன பட்டியல்

முதல் ஊரடங்கு போட்டு மூன்று வாரம் ஆகியிருந்த சமயம். நெய்வேலி டவுன்ஷிப் ரோடுகளில் மயில்கள் குறுக்கே நின்று கொண்டு வழி விட மறுத்த நாட்கள் அவை. ஆனால் சுரங்கத்துக்கு ஏது ஊரடங்கு? கரி வெட்டினால்தானே கரண்ட்! கழுத்தில் பாஸைத் தொங்கவிட்டுக்கொண்டு நாங்கள் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

நான் வேலை பார்ப்பது சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிக்கும் ஒரு சின்ன காண்ட்ராக்ட் கம்பெனியின் சைட் ஆபீஸில். வருகைப் பதிவு, ஷிப்ட் போடுவது, பாஸ் வாங்குவது எல்லாம் என் தலையில்தான். அந்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. சர்க்கரை, இதயம், சிறுநீரகம், ஆஸ்துமா என்று உடம்பில் ஏற்கெனவே கோளாறு இருப்பவர்கள் யாரும் சைட்டுக்கு வரக்கூடாது, டாக்டர் கடிதம் வாங்கிப் பட்டியல் தயார் செய்ய வேண்டும் என்று. கடைசி வரியில், யாருக்கு என்ன நோய் என்பது மேனேஜருக்கு மட்டும்தான் தெரிய வேண்டும் என்றும் இருந்தது. நானே அதற்கு மஞ்சள் நிறம் அடித்து வைத்தேன்.

ஏழு பேர் கடிதம் கொடுத்தார்கள். ஏழாவதாக வந்தவர், பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வருவதால் நாங்கள் வடக்குத்து அண்ணன் என்று கூப்பிடுபவர். பெல்ட் ஜாயின்ட் போடும் கேங்குக்கு அவர்தான் தலைவர். அறுந்த பெல்ட்டின் இரு முனைகளையும் சீவி, பசை தடவி, ரப்பர் வைத்து, இரும்பு பிளேட்டுகளுக்கு நடுவே சூடேற்றி ஒட்ட வேண்டும். பஞ்சர் ஒட்டுகிற மாதிரிதான், ஆனால் ஆளை விட அகலமான பஞ்சர். அவர் கை வைத்த ஜாயின்ட் விட்டதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் ரெண்டு வருஷமாக அவர் பிளேட் தூக்குவதில்லை. "நோகாம நொங்கு திங்கறாரு" என்று கேங்கில் பேச்சு.

அவர் நீட்டிய கடிதத்தைப் படித்ததும்தான் காரணம் புரிந்தது. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை. கொடுத்தவர் மனைவி. "பொண்டாட்டிக்கு ஆபரேஷன்" என்று சொல்லி ரெண்டு வருஷத்துக்கு முன் அவர் மாதக்கணக்கில் லீவு போட்டிருந்தார். அது பொய்யும் இல்லையே!

"மேடம், இத வெளிய வுட்டுடாதீங்க. காண்ட்ராக்ட் வேல. நோயாளின்னு தெரிஞ்சா அடுத்த தடவ பாஸ் போட மாட்டாங்க. எங்க வூட்ல கட்டாயப்படுத்துனதாலதான் குடுக்கறேன்" என்றார்.

"கவலைப்படாதீங்கண்ணா, எனக்கும் மேனேஜருக்கும் தவிர யாருக்கும் தெரியாது" என்றேன்.

மறுநாள் காலை பதினோரு மணி. யார் யார் வரமாட்டார்கள் என்று சைட் இன்ஜினீயர் பெயர்ப் பட்டியல் கேட்டார். பெயர்களை மட்டும் தனியாக அடித்து அனுப்பியிருக்க வேண்டும். சோம்பேறித்தனம். கம்ப்யூட்டர் திரையை அப்படியே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் போன் துள்ளிக்கொண்டிருந்தது. பட்டியல் இன்ஜினீயருக்குப் போகவில்லை. நாற்பது பேருக்கு மேல் இருக்கும் ஷிப்ட் குரூப்புக்குப் போயிருந்தது. பெயர், வயது, நோய், எல்லாம்.

அழித்தேன். ஆனால் அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்தாகிவிட்டது. மேனேஜர் அறைக்குப் போய் நானே சொன்னேன். திருநெல்வேலிக்காரர், கோபம் வந்தால் குரல் குறையும். "ஏழு பேருக்கும் நீங்களே போன் போட்டு மன்னிப்புக் கேளுங்கம்மா. அப்புறம் பேசுவோம்" என்றார், கிட்டத்தட்டக் கிசுகிசுப்பாக.

போட்டேன். சர்க்கரைக்காரர் ஒருவர், "டீக்கடையில சக்கர இல்லாமன்னு தினம் கத்தறேன், இதுல என்னம்மா ரகசியம்?" என்று சிரித்தார். இன்னொருவர் நன்றாகவே திட்டினார். வாங்கிக்கொண்டேன். வடக்குத்து அண்ணன் மட்டும், "என்ன மேடம், இப்டி பண்ணிட்டீங்களே" என்றார். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு சுவிட்ச் ஆஃப்.

மறுநாள் காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வடக்குத்துக்கே போனேன். அவர் தெருவில் திரும்பினேன். வீட்டு முன்னால் ஏழெட்டு பைக். ஷிப்ட் முடிந்த கையோடு கேங் மொத்தமும் வந்து நிற்கிறது. இத்தனை நாள் நம்மை ஏமாற்றிவிட்டாரே என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

வாசலில் அவர் மனைவி துடைப்பத்தோடு நின்றார். ஒல்லியான உடம்பு, ஓங்கிய குரல். கோலமாவால் தெருவுக்குக் குறுக்கே நீளமாக ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார்.

"எவனாச்சும் இந்தக் கோட்டத் தாண்டுனீங்க, தொடப்பக்கட்டதான்! பேசறத அங்கியே நின்னு பேசுங்க."

வேட்டியும் மாஸ்க்குமாக அண்ணன் உள்ளே கதவோரம் நின்றிருந்தார். கேங்கிலேயே வாய் நீளமானவர், அந்த நொங்கு வசனத்தின் சொந்தக்காரர், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார்.

"ஏண்ணா, எங்ககிட்ட சொல்லக் கூடாதா? ரெண்டு வருஷமா பிளேட்டத் தூக்கு, பிளேட்டத் தூக்குன்னு உன்னத் திட்டிக்கினு இருந்தனே! எனக்கு எப்டி இருக்குது தெரியுமா?"

"வேல பூடும்னு பயம்டா" என்றார் அண்ணன் உள்ளிருந்து.

"உன் வேல போனா நாங்க மட்டும் இருப்பமா? போடா... போண்ணா!"

சொல்லிவிட்டு அந்த மனிதர் மாஸ்க்காலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பைக்கிலிருந்து மூன்று பெரிய பலாப்பழங்களை இறக்கிக் கோட்டின் மேல் வரிசையாக வைத்தார். அந்த ஊரடங்கில் பண்ருட்டிப் பலா வெளியூர் போக வழியில்லாமல் எங்கு பார்த்தாலும் குவிந்து கிடந்தது.

"பலாப்பழம் அவருக்கு ஆவாதுன்னு டாக்டரு சொல்லிக்கிறாரு" என்றார் மனைவி.

எல்லார் முகமும் தொங்கிப்போனது. நம் வாய்க்காரர் மட்டும் விடவில்லை. "அவருக்கு யாரு கொண்டாந்தது? வண்டிதான் அண்ணனுது, இஞ்சின் உங்களுது. இது இஞ்சின் போட்டுக் குடுத்தவங்களுக்கு!"

தெருவே சிரித்தது. எதிர் வீட்டு மாடியிலிருந்து யாரோ கை தட்டினார்கள். துடைப்பத்தோடு நின்ற அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அண்ணனும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மாவின் கண் என் மேல் விழுந்தது. நான் முன்னால் வந்து, தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"இவனுங்க நல்லவனுங்க, சரியாப்போச்சு. நாளைக்கி வேலைய வுட்டு எடுத்தாங்கன்னா நீங்க வந்து சோறு போடுவீங்களா?"

நேராக ஆபீசுக்குப் போய் மேனேஜரிடம் கேட்டேன்: அவர் வேலைக்கு ஆபத்தில்லை என்று எழுத்தில் வேண்டும். வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி அவருக்கு ஒரு வேலையும் வேண்டும். "பெல்ட் ஒட்டறவரு வீட்ல இருந்து எதம்மா ஒட்டுவாரு?" என்றார் அவர். நியாயமான கேள்விதான்.

அடுத்த நாளே பெல்ட்டே பதில் சொன்னது. முக்கியமான ஒரு பெல்ட் கிழிந்து லைன் நின்றது. தலைவர் இல்லாமல் கேங் கையைப் பிசைந்தது. நான் சைட்டிலிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார். வீடியோ காலில் வாருங்கள் என்றேன். வாய்க்காரர்தான் சைட்டில் போனைப் பிடித்துக்கொண்டார். வெயில் ஏற ஏறக் கை மாற்றி மாற்றிப் பிடித்தாரே தவிர இறக்கவில்லை. சிக்னல் போகும்போதெல்லாம் மண் மேட்டில் ஏறிக் கத்துவார்.

வடக்குத்து வீட்டிலிருந்து அண்ணன் குரல் வந்தது. "கிட்டக் காட்டுடா. பசையத் தடவாத, நில்லு! நூல் புடிச்சியா?"

"புடிச்சிட்டோம்ணா."

"பொய். மறுபடி புடி. இடப்பக்கம் இழுக்குது பாரு."

பெல்ட்டின் இரு முனையும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு விரல் அகலம் விலகியிருந்தது. அப்படியே ஒட்டியிருந்தால் பெல்ட் ஒரு பக்கமாக ஓடி மறுபடி கிழிந்திருக்கும். பக்கத்தில் நின்ற மேனேஜர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். சாயங்காலம் பெல்ட் ஓடியது. கரி ஏறி வருவதைப் போனைத் திருப்பிக் காட்டினார்கள். அந்தப் பக்கத்திலிருந்து அந்த அம்மாவின் குரல், "ஓடுது! ஓடுதுங்க!" என்று கேட்டதும் இங்கே கேங் போட்ட விசிலில் எனக்குக் காது அடைத்துவிட்டது.

மேனேஜர் அன்றே கடிதத்தைச் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். வீட்டிலிருந்து ஜாயின்ட் சரிபார்ப்பது அவர் பணி, வேலையிலும் சம்பளத்திலும் மாற்றமில்லை என்று. அனுப்புவதற்கு முன் யாருக்குப் போகிறது என்று நான்கு தடவை படித்தேன். பின்னால் நின்று பார்த்த மேனேஜர், "பரவால்ல, தேறிட்டீங்க" என்றார்.

அண்ணன் இன்றும் எங்களோடுதான் இருக்கிறார். ஜாயின்ட் சரிபார்ப்பதுதான் வேலை. பிளேட்டைத் தொட்டால் கேங்கே அடிக்க வரும். ஒரு நாள் அவரிடம், "உங்களுக்கு என் மேல் கோபமே இல்லையாண்ணா?" என்று கேட்டேன். "இருக்குது மேடம். அது ஒரு ஓரமா கெடக்கட்டும், டீ சொல்லுங்க" என்று சிரித்தார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது அந்த மனிதர்களின் பெரிய மனசால்தான், என் சாமர்த்தியத்தால் இல்லை. நம்பி ஒருவர் தன் உடம்பைப் பற்றி என்னிடம் சொல்லும்போதெல்லாம், அதோடு சேர்த்து அவர் வீட்டின் சோற்றையும் தூக்கத்தையும் என் கையில் கொடுக்கிறார் என்று எனக்கு இப்போது தெரிகிறது.